வேலை முடிந்த நாளே விசாவும் முடிந்தது: பாங்காக்கில் நான் பட்ட பாடு

தாய்லாந்தில் வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கும் முத்திரை அடுத்த வருஷம் மார்ச் வரை என்று சொன்னாலும், வேலை எந்த நாளில் முடிகிறதோ அந்த நாளோடு அந்த அனுமதியும் முடிந்துவிடும். பாங்காக்கில் சீலோம் பக்கம் நகைக் கற்கள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பதினேழு வருஷம் கணக்குப் பார்த்தவன் நான். இந்த ஒரு விதியை இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. 2024 நடுவில் பாங்காக் அலுவலகத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். செப்டம்பர் கடைசியோடு எல்லாருக்கும் வேலை முடிகிறது. மனிதவளப் பிரிவில் கேட்டபோது, "உங்க விசா மார்ச் வரைக்கும் இருக்கே சார், நிதானமா பார்த்துக்கலாம்" என்றார்கள். வருஷா வருஷம் என் விசா வேலையையெல்லாம் பார்த்தவர்களே சொல்லும்போது வேறு யாரிடம் போய்க் கேட்பது? சரி, நோட்டீஸ் காலத்தில் கடைசிக் கணக்குகளை முடித்துக் கொடுப்போம், விசாவை அப்புறம் பார்ப்போம் என்று இருந்தேன்.

கடைசி வாரத்தில் கம்பெனிக்கு விசா வேலை பார்க்கும் தாய்க்காரப் பெண்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். வேலை முடியும் அன்றே குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் அனுமதியை ரத்து செய்ய வேண்டும், 1,900 பாட் கட்டினால் கிளம்புவதற்கு 7 நாள் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அன்று இரவு தூக்கம் வரவில்லை. வாடகை வீடு, சாமான்கள், வங்கிக் கணக்கு, பதினேழு வருஷப் பழக்கம், எல்லாவற்றையும் 7 நாளில் என்ன செய்வது? வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், இனி மனைவியும் தஞ்சாவூரிலிருந்து வந்து என்னோடு இங்கேயே இருப்பது என்று வேலை இருக்கும்போதே முடிவு செய்திருந்தோம். ஊரில் எனக்கென்று வீடும் இல்லை. ரத்து செய்யாமல் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அனுமதி இல்லாமல் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. 90 நாளைத் தாண்டினால் நாட்டுக்குள் வரவே தடை. நீண்ட காலம் இருக்க நினைக்கிறவன் பாஸ்போர்ட்டில் அந்தக் கறை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இதில் வயிறு எரிகிற சேதி பின்னால்தான் தெரிந்தது. வேலை விசாவில் இருப்பவருக்கு 50 வயது ஆகியிருந்தால், வேலை முடிவதற்கு முன்னாலேயே "தங்கும் காரணத்தை மாற்றுகிறேன்" என்று விண்ணப்பித்து, வேலைக்கான அனுமதியை ஓய்வுக்கால அனுமதியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. நாட்டை விட்டுப் போக வேண்டாம், புது விசாவும் வேண்டாம். அதற்குத் தேவை 8 லட்சம் பாட், உங்கள் பெயரில் தாய் வங்கியில், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 2 மாதம் கிடந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த அன்றே பணத்தைப் போட்டிருந்தால் எனக்கு அந்த 2 மாதம் தாராளமாகவே கிடைத்திருக்கும். ஆகவே வேலை விசாவில் இருக்கும் ஐம்பது வயதுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வேலை ஆட்டம் காண்கிறது என்று வாசனை வந்ததுமே நீங்களே குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். கம்பெனிக்காரர்களுக்குக் கம்பெனியின் காகிதம்தான் தெரியும், அதற்குப் பிறகு நீங்கள் என்ன ஆவீர்கள் என்பது அவர்கள் வேலை இல்லை. இந்த மாற்றத்தை எந்தத் தேதியில், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் கொஞ்சம் மாறும். அதனால் உங்கள் முகவரிக்கு உரிய அலுவலகத்தில் கேட்ட பதிலை மட்டும் நம்புங்கள்.

7 நாளில் நான் செய்தது, இருந்த வழிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தது. 2024 ஜூலையில் டி.டி.வி. என்று ஒரு புது விசா வந்திருந்தது. 5 வருஷம் செல்லும், ஒவ்வொரு நுழைவிலும் 180 நாள் தங்கலாம், கையில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். ஆனால் அது வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கிருந்து வேலை செய்கிறவர்களுக்கும், சமையல், முவாய் தாய் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டை மாதிரி ஏதாவது கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் உரியது. என்னிடம் வேலையே இல்லை. முவாய் தாய் கற்கிற இடுப்பும் இல்லை. எல்.டி.ஆர். என்ற 10 வருஷ விசாவுக்கு ஓய்வூதியக்காரர் என்றால் வருஷத்துக்கு 80,000 டாலர் வருமானம் கேட்கிறார்கள், அந்தப் பக்கத்தை அப்படியே மூடினேன். தாய்லாந்து பிரிவிலேஜ் உறுப்பினர் அட்டை அப்போது 5 வருஷத்துக்கு 6,50,000 பாட். அதில் ஒரு தொல்லையும் இல்லை, பணம் கட்டினால் விசா. ஆனால் கட்டிய பணம் திரும்பாது. ஐம்பது வயதுக்குக் கீழே, கையில் காசு இருந்து, அலைச்சல் வேண்டாம் என்பவர்கள் அதைப் பார்க்கலாம். எனக்கு 8 லட்சம் பாட்டை என் பெயரிலேயே வங்கியில் வைத்திருப்பது எவ்வளவோ தேவலை என்று பட்டது.

ஓய்வுக்கால விசாவிலும் இரண்டு உண்டு, இரண்டையும் எல்லாரும் ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள், குழம்பாதீர்கள். ஓ-ஏ என்பது சொந்த நாட்டிலிருந்து வாங்கிக்கொண்டு வருவது. அதற்குக் காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, பெரிய தொகைக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். காப்பீட்டை ஒவ்வொரு வருஷம் நீட்டிக்கும்போதும் காட்ட வேண்டும். வெறும் ஓ என்பது தாய்லாந்துக்குள் வந்தபிறகு மாற்றிக்கொள்ளக்கூடியது. முதலில் 90 நாள், அப்புறம் ஒரு வருஷ எக்ஸ்டென்ஷன். இதற்குக் காப்பீட்டைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. வயது ஏற ஏற காப்பீட்டு பிரீமியம் எங்கே போகும் என்று கணக்குப் பார்த்த உடனே ஓ போதும் என்று முடிவு செய்தேன்.

இதற்கிடையில் ஒரு ஏஜென்ட். தெரிந்தவருக்குத் தெரிந்தவர். "உங்ககிட்ட 8 லட்சம் இல்லேன்னாலும் பரவாயில்ல, நாங்க போட்டுக் காட்டிடுவோம், நீங்க அலைய வேண்டாம்" என்றார்கள். என் பணத்திலேயே செய்து தாருங்கள், காகித வேலையும் வரிசையும் மட்டும் உங்கள் பொறுப்பு என்று பேசி 15,000 பாட் முன்பணம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து என் பாஸ்போர்ட், வங்கிப் பாஸ்புக், ஏடிஎம் அட்டை மூன்றையும் ஒப்படைக்கச் சொன்னார்கள், வெற்றுத் தாள்களில் கையெழுத்தும் கேட்டார்கள். விண்ணப்பத்தை நான் வசிக்காத ஒரு மாகாணத்தில் போடப்போகிறார்களாம். கணக்கெழுதிப் பிழைத்தவனுக்கு வெற்றுத் தாள் என்றாலே கை நடுங்கும். முடியாது என்றேன். முன்பணம் திரும்பவே இல்லை, போனையும் எடுக்கவில்லை. எல்லா ஏஜென்ட்டும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரோ போட்ட பணத்தைக் காட்டி, இல்லாத முகவரியில் வாங்கிய முத்திரையோடு அடுத்த வருஷம் நேர்வழியில் போய் நிற்க முடியாது, மறுபடி அவர்களிடமேதான் போக வேண்டும். ஒரு தடவை விசாரணை வந்தால் மாட்டப்போவது பாஸ்போர்ட்டின் சொந்தக்காரர்தான்.

அக்டோபர் முதல் வாரத்தில் சென்னைக்குக் கிளம்பினேன். சீலோம் மாரியம்மன் கோயிலில் அப்போதுதான் நவராத்திரிக்குக் கொடியேற்றும் நேரம். விஜயதசமி அன்று அம்மன் வெளியே வரும்போது சாலை முழுக்கச் சாமந்தியும் தேங்காயுமாகத் தாய்க்காரர்கள் விடியவிடிய உட்கார்ந்திருப்பார்கள். நான் பாங்காக் வந்ததிலிருந்து அதைத் தவறவிட்டதே இல்லை. விமானத்தில் உட்கார்ந்து அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், வேலை போனதைவிட அதுதான் அப்போது வலித்தது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். எனக்குச் சட்டப்படி வேலைநீக்க ஈட்டுத்தொகை வந்திருந்தது. தாய்லாந்து தொழிலாளர் சட்டத்தில் 10 முதல் 20 வருஷம் வேலை பார்த்தவருக்கு 300 நாள் சம்பளம். (இதைக் கேட்டு வாங்காமல் ஊருக்குப் போன தமிழர்களை எனக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரருக்கும் இது உரியது, கேளுங்கள்.) அந்தப் பணம் என் தாய் வங்கிக் கணக்கிலேயே இருந்தது. பிறகென்ன கவலை என்று நினைத்தால், நாட்டுக்குள்ளிருந்து முதல் 90 நாள் ஓ விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். இங்கேயே உழைத்து, இங்கேயே வரி கட்டி, இங்கேயே சேர்ந்த பணம் அந்த முதல் கட்டத்துக்கு உதவாது! வருஷ எக்ஸ்டென்ஷனுக்குப் போகும்போது அந்தக் கேள்வி இல்லை. ஆனால் முதல் படியைத் தாண்டாமல் இரண்டாவது படி ஏது? ஆக, தாய் வங்கியில் பணம் இருக்க, தஞ்சாவூர் வங்கியில் இருந்த என்.ஆர்.இ. வைப்பை (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் போடும் வைப்பு) உடைத்தேன். போட்டு ஒரு வருஷம் ஆகவில்லை. என்.ஆர்.இ. வைப்பை ஒரு வருஷத்துக்குள் உடைத்தால் ஒரு பைசா வட்டி கிடையாது. அப்போதைய மதிப்பில் 8 லட்சம் பாட் என்பது ஏறக்குறைய இருபது லட்சம் ரூபாய். போன வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். இந்த அலைச்சலில் நான் இழந்ததிலேயே பெரிய தொகை அதுதான், இன்னமும் ஆறவில்லை.

அனுப்பும் முறையிலும் ஒரு பள்ளம் உண்டு. மலிவாக அனுப்பித் தரும் ஆப்கள் சில, தாய்லாந்துக்குள் இருக்கும் கூட்டாளி வங்கி வழியாகப் போடுகின்றன. அப்போது பாஸ்புக்கில் அது உள்ளூர்ப் பணமாற்றம் போலத்தான் பதிவாகும், நீங்கள் இந்தியாவிலிருந்து அனுப்பியதற்கு அடையாளமே இருக்காது. நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் பார்க்காமல் வங்கிக்கு வங்கி, நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வழியில் அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் தாய் வங்கியில் வரவுச் சான்று கேட்டு வாங்கிவிடுங்கள். இந்தியாவில் வசிப்பவராக இருந்து இந்த விசாவுக்கு வருகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேறு கணக்கு: நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் என்ற வரம்பு, 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம். அது வருமான வரிக் கணக்கில் திரும்பும், ஆனால் அதுவரை கைக்காசு முடங்கும். மார்ச்சில் ஒரு பாதி, ஏப்ரலில் ஒரு பாதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்து அனுப்பினால் வலி குறையும். இன்னொன்று, பழைய தாய் வங்கிக் கணக்கை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். சுற்றுலாவாக வந்தவருக்குப் புதுக் கணக்கு திறக்க அவ்வளவு லேசில் விடமாட்டார்கள். வேலை அனுமதியோடு திறந்த என் பழைய கணக்குதான் என்னைக் காப்பாற்றியது.

தீபாவளியை ஊரிலேயே முடித்துக்கொண்டு நவம்பரில் திரும்பினேன். இந்தியர்களுக்கு அப்போது விசா இல்லாமல் 60 நாள் தங்க அனுமதி இருந்தது. அதற்குள், இன்னும் 15 நாளாவது மிச்சம் இருக்கும்போதே, ஓ விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாங்காக்கில் இருப்பவர்களுக்கு அலுவலகம் சேங் வத்தனா சாலையில், அரசு வளாகத்தின் பி கட்டடத்தில். காலையில் கதவு திறப்பதற்கு முன்பே போய்விடுங்கள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் நின்றுவிடும். வளாகத்திலேயே கீழே போட்டோ, நகல் கடைகள் உண்டு, அங்கே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை. விண்ணப்பப் படிவம் டி.எம். 87, கட்டணம் 2,000 பாட். வங்கிக் கடிதம், பாஸ்புக் நகல், வரவுச் சான்று, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம்கூடக் கேட்பார்கள். பாஸ்புக்கில் அன்றைய தேதி பதிவு இருக்க வேண்டும் என்பதால் காலையில் ஏடிஎம்மில் ஒரு 100 பாட் போட்டுப் பதிந்துகொண்டு போவது இங்கே எல்லாரும் செய்வது. ஒவ்வொரு நகலிலும் நீல மையில் கையெழுத்து. எனக்குக் கை வலித்துவிட்டது.

முதல் தடவை என்னைத் திருப்பி அனுப்பியது டி.எம். 30. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டில் தங்குகிறார் என்று வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அந்த ரசீதுதான் இது. பழைய விசாவில் கொடுத்தது என்னிடம் இருந்தது. ஆனால் நான் புதிதாக நாட்டுக்குள் வந்திருப்பதால் புது ரசீது வேண்டும் என்றார் அதிகாரி. வீட்டுக்கார அம்மா சியாங் மாயில் மகள் வீட்டில். அவரைப் போனில் பிடித்து, அடையாள அட்டை நகலும் வீட்டுப் பதிவேட்டு நகலும் வாங்கி, கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தைத் தபாலில் வரவழைத்து, தாமதத்துக்கான அபராதத்தையும் நானே கட்டி, மறுபடி போனேன். அபராதம் கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர்தான். ஆனால் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்லாந்தில் விசா வேலை எதுவும் நடக்காது. வாடகைக்கு வீடு பார்க்கும்போதே, டி.எம். 30 போட்டுத் தருவீர்களா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். முகம் சுளித்தால் வேறு வீடு பாருங்கள்.

அப்புறம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அதுதான் இங்கே எல்லாப் படிவத்திலும் தலைவலி. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் வரும். ஊர் வங்கியிலோ இனிஷியலோடு என் பெயர் மட்டும். அனுப்பியவரும் வாங்கியவரும் ஒரே ஆளா என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான். ஊர் வங்கியிலிருந்து பாஸ்போர்ட் எண் போட்ட ஒரு கடிதம் மின்னஞ்சலில் வரவழைத்துக் காட்டினேன், ஒப்புக்கொண்டார். பணம் அனுப்பும் முன்னாலேயே வங்கிக் கணக்கில் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து மாற்றிவிட்டால் இந்தக் கூத்து இல்லை.

டிசம்பரில் 90 நாள் ஓ விசா கிடைத்தது. அந்த 90 நாளில் கடைசி மாதத்தில் வருஷ எக்ஸ்டென்ஷனுக்குப் போனேன். படிவம் டி.எம். 7, கட்டணம் 1,900 பாட். அதற்குள் பணம் 2 மாதத்துக்கு மேல் ஊறியிருந்ததால் கேள்வி அதிகம் இல்லை. 2025 மார்ச்சில் முத்திரை விழுந்தது. எந்த மார்ச் வரை உனக்கு விசா இருக்கிறது என்றார்களோ, அதே மார்ச். எக்ஸ்டென்ஷன் கிடைத்தபிறகும் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். மேலும் 3 மாதத்துக்கு 8 லட்சம் அப்படியே இருக்க வேண்டும். அதன் பின் எடுக்கலாம், ஆனால் எந்த நாளிலும் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. அடுத்த விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்னால் மறுபடி 8 லட்சம் ஆகிவிட வேண்டும். ஒரு நாள் ஒரு பாட் குறைந்தாலும் பாஸ்புக்கில் தெரியும். அதனால் வீட்டுச் செலவுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொண்டு, இந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையைப் பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

மனைவியின் கதை தனி. ஓய்வுக்கால அனுமதியில் இருப்பவரின் மனைவி, வயது 50 ஆகாவிட்டாலும், சார்ந்திருப்பவராகத் தங்கலாம். அவருக்கென்று தனியாக 8 லட்சம் வேண்டாம். வேண்டியது திருமணச் சான்றிதழ். எங்கள் கல்யாணம் கும்பகோணத்தில் 1999இல். பதிவு செய்யவில்லை, அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யார் செய்தார்கள்? தமிழ்நாட்டில் கட்டாயப் பதிவுச் சட்டமே 2009இல்தான் வந்தது. அக்டோபரில் ஊருக்கு வந்தபோது மாமியார் வீட்டுப் பரணில் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து, சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில், மகள் கல்லூரிக்குப் போகிற வயதில், இந்துத் திருமணச் சட்டப்படி கல்யாணத்தைப் பதிந்தோம். அங்கிருந்த பியூன் "ஸ்வீட் எங்க சார்?" என்று கேட்டார், மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே ஜாங்கிரி வாங்கி வரச் சொன்னாள். அந்த நாள் ஒன்றுதான் இந்த முழுக் கதையிலும் சிரித்த நாள்.

சிரிப்பு அடுத்த வாரமே போயிற்று. சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் ஆவணத்தை மற்றொன்று ஏற்பதற்காகப் போடுவது) வாங்கினால் எந்த நாட்டுக்கும் செல்லும் என்று சென்னையில் ஒரு தரகர் சொல்லி, காசு வாங்கிக்கொண்டு வாங்கியும் கொடுத்துவிட்டார். தாய்லாந்து அந்த அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேரவில்லை, இங்கே அந்த முத்திரையைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். பாங்காக்கில் இந்தியத் தூதரகத்தில் மறுபடி சான்றொப்பம் வாங்கி, தாய் மொழியில் பெயர்த்து, அதைச் சேங் வத்தனாவில் இருக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் ஆவணச் சான்றுப் பிரிவில் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு முத்திரைக்கு 200 பாட், அவசரம் என்றால் 400. சான்றிதழில் மனைவிக்கு அவள் அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் என் பெயர். இரண்டும் ஒருவரே என்று தூதரகத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் எழுதிக் கொடுத்தோம். அவள் சென்னை தாய் துணைத் தூதரகம் வழியாக ஆன்லைனில் ஓ விசா எடுத்துக்கொண்டு வந்தாள், பிறகு என் எக்ஸ்டென்ஷனைக் காட்டி அவளுடையதையும் நீட்டித்தோம். ஒன்று நினைவிருக்கட்டும்: அவள் அனுமதி என்னுடையதில் தொங்குகிறது. என்னுடையது போனால் அன்றே அவளுடையதும் போய்விடும்.

இந்த அமளியில் ஒரே ஒரு நல்ல காரியம், அதுவும் என் புத்தியால் இல்லை. மஹேசக் தெருப் பக்கம் கல் வியாபாரம் பார்க்கும் கீழக்கரை பாய் ஒருவர், "தம்பி, சமூகப் பாதுகாப்பு அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, 39ஆம் பிரிவுல மாத்திக்கங்க" என்றார். வேலையில் இருந்தபோது சம்பளத்தில் பிடித்தார்களே, அந்தக் காப்பீட்டை, வேலை போன 6 மாதத்துக்குள் விண்ணப்பித்தால், மாதம் 432 பாட் நாமே கட்டித் தொடரலாம். குறைந்தது 12 மாதம் முன்னர் கட்டியிருக்க வேண்டும். பதிந்து வைத்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை. இந்த வயதில் தனியார் காப்பீட்டுக்குக் கேட்கும் விலையைப் பார்த்தவர்களுக்கு 432 பாட்டின் அருமை தெரியும். கெடு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். அதே பாய் தன் கடைக் கணக்கை வாரம் இரண்டு நாள் பார்த்துத் தரச் சொன்னார், அதை மறுத்துவிட்டேன். ஓய்வுக்கால அனுமதியில் சம்பளத்துக்கு மட்டுமில்லை, சும்மா உதவியாகச் செய்தாலும் வேலை வேலைதான். பிடிபட்டால் நாடு கடத்தல்வரை போகும். வரி விஷயமும் உண்டு. வருஷத்தில் 180 நாளோ அதற்கு மேலோ தங்கினால் வரிவிதிப்புக்கு நாம் இந்நாட்டுவாசி, 2024 முதல் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக்கணக்கில் வரலாம். 2023 முடியும் முன்பே இருந்த சேமிப்பு என்று காட்ட அந்தத் தேதி வங்கி அறிக்கையை எடுத்து வைத்திருக்கிறேன், நீங்களும் எடுத்து வையுங்கள்.

90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிவிப்பு, டி.எம். 47. கெடுவுக்கு 15 நாள் முன்னும் 7 நாள் பின்னும் கொடுக்கலாம், தவறினால் 2,000 பாட் அபராதம். இது ஆன்லைனில் முடிந்துவிடும், பெரிய விஷயம் இல்லை. பெரிய விஷயம் ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி. எக்ஸ்டென்ஷன் முத்திரை கையில் இருக்கிறதே என்று அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் அந்த ஒரு வருஷமும் அந்த நிமிஷமே ரத்து. எங்கள் கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் ஓர் ஆந்திராக்காரர், தம்பி இறந்துவிட்டான் என்று விஜயவாடாவுக்கு ஓடினார், திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் சுற்றுலா முத்திரை குத்திவிட்டார்கள். 90 நாள் ஓவிலிருந்து மறுபடி தொடங்கினார், வெளிநாட்டிலிருந்து பணம் வரவழைப்பது உட்பட. அந்தப் பெர்மிட் ஒரு தடவைக்கு 1,000 பாட், வருஷம் முழுக்க எத்தனை தடவையும் போய்வர 3,800. படிவம் டி.எம். 8. சுவர்ணபூமி விமான நிலையத்தில் கிளம்பும்போதும் கவுண்டரில் வாங்கலாம், ஆனால் இழவுச் செய்தி கேட்டு ஓடுகிறவனுக்குக் கவுண்டர் தேட நேரம் இருக்காது. எக்ஸ்டென்ஷன் முத்திரை விழுந்த அன்றே, அதே கட்டடத்தில், அடுத்த வரிசையில் நின்று 3,800 கட்டி வாங்கிவிடுங்கள். மனைவிக்கும் தனியாக.